கடவுளுக்கு என்ன ஆயுதம் கொடுப்பது?

கடலைப் பிளக்கத் தெரிந்தவனிடம் ஒரு கத்தியை நீட்டி, "இது மற்ற கத்தியைவிடக் கொஞ்சம் கூர்" என்று சொன்னால் அவனுக்கு என்ன வரும்? கொட்டாவிதான் வரும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களில் கடவுள் மாதிரி சக்தி படைத்த கதாபாத்திரங்களுக்கு மாயப்பொருள் உருவாக்க உட்காரும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

இந்த விளையாட்டு பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து (எங்கள் குழுவில் பெரும்பாலும் வீடியோ காலில்) ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். உலகம், எதிரிகள், ஊர்க்காரர்கள், மழை வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டுவார்கள். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. அதில் ஒன்றாம் லெவலில் எலி அடித்துத் தொடங்கி, மெல்ல மெல்ல 20ஆம் லெவல் வரை ஏறுவீர்கள். முதல் நாளே பாதிக் கடவுளாகத் தொடங்கும் விளையாட்டுகளும் உண்டு. 2001இல் வந்த எக்ஸால்டட் அப்படி ஒன்று. 2016இல் கெவின் க்ராஃபோர்ட் எழுதி வெளியிட்ட காட்பவுண்ட் இன்னொன்று. நான் சில வருடங்களாக நண்பர்களுக்கு நடத்திவருவது காட்பவுண்ட். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த மேசையிலிருந்து வருவது.

காட்பவுண்டில் ஒவ்வொரு கதாபாத்திரமும் மூன்று "சொற்களோடு" தொடங்கும். கடல், வாள், மரணம், சூரியன், செல்வம் என்று பட்டியல் நீளும். எடுத்துக்கொண்ட சொல்லுக்குள் இருக்கும் வரங்களை வாங்கிக்கொள்ளலாம். வாள் என்ற சொல்லில் ஒரு வரம் இருக்கிறது: வீசினால் தவறவே தவறாது. டைஸ்கூட உருட்ட வேண்டாம். அவனுக்குப் போய் "குறி பார்ப்பதற்கு ப்ளஸ் 3" என்று ஒரு வாளைக் கொடுத்தால் அந்த ப்ளஸ் 3 எங்கே போய் ஒட்டும்? சேதக் கணக்கும் இதே கதைதான். டைஸில் விழுந்த எண்ணை அப்படியே கழிப்பதில்லை. 2 முதல் 5 வரை விழுந்தால் 1 சேதம், 6 முதல் 9 வரை 2, பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் 4. மூன்று விழுந்த இடத்தில் வாளின் புண்ணியத்தால் ஐந்து ஆனாலும் சேதம் அதே ஒன்றுதான். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய மந்திர வாளின் பெருமையை ஒரு சின்ன அட்டவணை விழுங்கிவிட்டுப் போய்விடும்.

ஆகவே எண்ணைக் கூட்டுவதை விட்டுவிட்டு, இவர்களிடம் எது குறைவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காட்பவுண்டில் அது எஃபர்ட், அதாவது தெய்வசக்தியைச் செலவழிக்கக் கையில் இருக்கும் புள்ளிகள். முதல் லெவலில் வெறும் 2. அப்புறம் லெவலுக்கு ஒன்று ஏறும். வரங்களில் பலவற்றை இயக்கவும், தன் சொல்லுக்குள் அடங்கும் அற்புதம் ஒன்றை நிகழ்த்தவும் எஃபர்டை ஒதுக்க வேண்டும். சில நேரம் அது காட்சி முடிந்ததும் திரும்பும், சில நேரம் நாள் முடிந்தால்தான் திரும்பும். மலையைத் தூக்குகிறவர்கள்கூட இந்த எஃபர்டை மாசக் கடைசியில் பர்ஸில் கிடக்கும் கடைசி ஐந்நூறு ரூபாய் மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நான் செய்யும் பொருள்கள் எல்லாம் அந்த ஐந்நூறில்தான் கை வைக்கும். அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளியில் கை வைத்தால் யாருக்கும் வலிக்காது, அது நாளைக்கே ஆறிவிடும்.

ஒரு பொருளைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். எங்கள் மேசையில் ஒருவன் கடல், மரணம், பயணம் என்ற மூன்று சொற்களை எடுத்தவன். கதைப்படி, படகோட்டியாக இருந்து மூழ்கிச் செத்து, கடவுளாக எழுந்து வந்தவன். அவன் கேட்டது சூலம். "சூலம் வேணும்டா, குத்தினா மின்னல் அடிக்கணும்." தப்பில்லை, ஆனால் மின்னல் சூலம் யார் கையில் இருந்தாலும் மின்னல் சூலம்தான். அதனால் எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளை அவனிடமும் கேட்டேன். உனக்கு முன்னால் இது யாரிடம் இருந்தது? இது உன் கையில் இருப்பது யாருக்குப் பிடிக்கவில்லை? நீ சொன்னாலும் இது செய்யாத காரியம் எது?

முதல் கேள்விக்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அது எங்கப்பாவோட துடுப்பு" என்றான். கதாபாத்திரத்தின் அப்பா. அதோடு சூலம் போய்விட்டது, மின்னலும் போய்விட்டது. இரண்டாவது கேள்விக்கு நானே பதில் வைத்திருந்தேன்: கப்பலைத் திட்டம் போட்டு மூழ்கடித்த ஒவ்வொருவனுக்கும் அந்தத் துடுப்பு பிடிக்காது. மூன்றாவதற்கு அவனே சொன்னான், யாரையும் மூழ்கடிக்காது என்று.

அட்டையில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "துடுப்பைத் தண்ணீரில் ஊன்றினால், கூப்பிடு தூரத்தில் மூழ்கி இறந்த யாரையும் எழுப்பி ஒரு கேள்வி கேட்கலாம். பொய் சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு அவர்கள் ஒன்று கேட்பார்கள். அதைச் செய்து முடிக்கும்வரை உன் எஃபர்டில் ஒன்று துடுப்பிலேயே கிடக்கும்."

மரணம் என்ற சொல் கையில் இருப்பவன், செத்தவரோடு பேசுவதை ஒரு அற்புதமாகவே செய்துகொள்ளலாம். அதற்கு விலை ஒரு நாளைக்கு ஒரு எஃபர்ட், ராத்திரி தூங்கி எழுந்தால் வந்துவிடும். துடுப்பு அதே காரியத்தைத்தான் செய்கிறது, விலைதான் வேறு. தவணை தேதியே இல்லாத கடன். கடவுளுக்குப் பலம் கொடுப்பது கடலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. நிபந்தனை கொடுத்தால் மட்டும் அது அவன் கையில் கனக்கும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்தத் துடுப்பு என்ன செய்தது என்று கேளுங்கள். ஒரு துறைமுகத்தில் மூழ்கிய மாலுமி ஒருவனை எழுப்பி, கப்பலில் ஓட்டை போட்டது யார் என்று கேட்டான். பதில் வந்தது. பதிலுக்கு மாலுமி கேட்டது, தன் பெயரில் வட்டிக்கடையில் இருக்கும் பாக்கியை அடைக்க வேண்டும், மகன் தலையில் விழக் கூடாது என்று. அடுத்த அரை மணி நேரம் கடலின் கடவுள் வட்டிக்கடை வாசலில் வரிசையில் நின்றார். கடைக்காரர் அசலும் வட்டியும் போட்டுக் காட்ட, கூட இருந்த தெய்வங்கள் எல்லாம் பக்கத்தில் நின்று பேரம் பேசினார்கள். அந்த மாதத்தில் ஒரு கடல் பூதத்தைக் கொன்றதைக்கூட யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வட்டிக்கடையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதே துடுப்பு இன்னொரு நாள் ஒரு பெண்ணை எழுப்பியது. அவள் கேட்டது, "என்னைத் தள்ளிவிட்டவனைத் தள்ளிவிடு." தள்ளிவிட்டது யார் என்றால், இவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருந்த ராஜா. துடுப்பு யாரையும் மூழ்கடிக்காது. ராஜாவைத் தொட்டால் ஊரே இவர்களுக்கு எதிராகத் திரும்பும். அவன் செய்யவும் இல்லை, செய்ய மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. எஃபர்ட் ஒன்று அப்படியே பூட்டிக் கிடந்தது, பல செஷன்களுக்கு. பெரிய சண்டை வந்தபோது ஒரே ஒரு எஃபர்ட் குறைந்தது. மேசையில் இருந்த எல்லோருக்கும் அது ஏன் குறைகிறது, எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் வாயே திறக்கவில்லை.

பழைய கதைகளைச் சொன்னவர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட நார்ஸ் கதைகளில் தோரின் சுத்தியல் செய்யப்படும் இடத்தைப் பாருங்கள். குள்ளன் ப்ரோக்கர் துருத்தி ஊதிக்கொண்டிருக்கிறான். அவனோடு பந்தயம் கட்டிய தந்திரக்காரன் லோகி ஈயாக மாறி வந்து அவன் இமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணை மறைக்க, ஒரு கணம் கை எடுத்து ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்தில் சுத்தியலின் பிடி குட்டையாகப் போய்விடுகிறது. அப்படியும் பந்தயத்துக்கு வந்த பொருள்களில் அதுதான் உயர்ந்தது என்று தெய்வங்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். இடியின் கடவுள் வைத்திருக்கும் ஆயுதத்தில் ஒரு உற்பத்திக் குறை! அதைப் பிடிக்க இரும்புக் கையுறை வேறு வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் செய்திருந்தால் அந்த ஈயின் கதையே இல்லை.

கர்ணனை எடுத்துக்கொண்டால் இன்னும் கறாரான கணக்கு. கூடப் பிறந்த கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்து, இந்திரனிடமிருந்து வாங்கியது ஒரே ஒரு முறை விடக்கூடிய சக்தி ஆயுதம். அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் விட வேண்டி வந்தது. "ஒருமுறைதான்" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பதற்றத்தைக் கட்டியிருக்கிறார்கள்! காட்பவுண்டிலோ டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலோ இதை நேராகவே எடுத்துப் பயன்படுத்தலாம். ஒருமுறை மட்டும் விடக்கூடிய, தடுக்கவே முடியாத ஒன்றைக் கதையின் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் "இப்ப விடலாமா?" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு நடக்கிற வரையில் பொருள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் குழுவில் இன்னொருத்தி ஒரு நாள் கேட்டாள், "எல்லா ஆயுதமும் கொல்றதோட முடிஞ்சிடுது, வேல் அப்படி இல்லையே?" சரியான கேள்வி. மாமரமாக நின்ற சூரபத்மனைப் பிளந்த வேல், அவனை மயிலும் சேவலும் ஆக்கிவிட்டது. ஒன்று வாகனம், ஒன்று கொடி. எதிரி கூடவே வருகிறான். அன்றிலிருந்து எந்தப் பொருளை எழுதினாலும், அடி விழுந்த பிறகு என்ன மிச்சமாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். வெட்டிய மரம் என்ன ஆகும், அணைத்த தீ எங்கே போகும் என்கிற மாதிரி. கடவுள்கள் ஜெயிப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம், ஜெயித்த பிறகு வருவதில்தான் எங்களுக்கு விளையாட்டு.

அவளுக்குச் செய்தது ஒரு முத்திரை. கட்டளை, அறிவு, சூரியன் என்று வைத்திருந்த ராணி அவள். முத்திரை குத்திய ஆணையை அந்த ஊர் எல்லைக்குள் யாரும் மீற முடியாது, குத்தியவரும் சேர்த்து. இரண்டாவது பாதியைப் படித்துவிட்டு "இதில் என்ன இருக்கு" என்று சொன்னவள், முதல் வேலையாக "இந்த நகரத்தில் யாரும் பொய் சொல்லக் கூடாது" என்று ஒரு ஆணை போட்டாள். அடுத்த வாரம் எதிரி நாட்டுத் தூதர் வந்து, கோட்டையில் எத்தனை வீரர்கள் இருக்கிறார்கள் என்று பொதுவாக விசாரித்தார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்த மாதிரி சிக்கல் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாள் கடவுளுக்குப் பெரிய வாள் வேண்டும், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து உட்காருகிறவனுக்கு எதையாவது ஓங்கி வெட்ட வேண்டும். அதைக் கேவலமாகப் பார்க்கும் கேம் மாஸ்டர்களை எனக்குப் பிடிக்காது. அவனுக்குப் பெரிய வாள்தான் கொடுத்தேன். கூட ஒன்று: ஒரு செஷனுக்கு ஒருமுறை, வெட்ட முடியாத ஒன்றை வெட்டலாம். ஆற்றின் ஓட்டத்தை, ஒரு கல்யாணப் பேச்சை, ஒருவன் மனதில் இருக்கும் பயத்தை. வெட்டியது திரும்ப ஒட்டாது. எஃபர்ட் செலவில்லை, கணக்கு வழக்கில்லை, ஓங்கி வெட்டினால் போதும். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனின் பயத்தைப் பாசத்தோடு வெட்டிவிட்டான். பயமே இல்லாத பையன் என்ன ஆவான் என்பது கதை போகப் போகத்தான் தெரிந்தது. வெட்டுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் அவனும் கொஞ்சம் யோசிக்கிறான்.

சில நடைமுறை விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளின் விவரம் ஒரு விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் அடங்க வேண்டும். எக்ஸால்டட்டின் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பெரிய ஆயுதத்துக்கும் எவோகேஷன் என்று தனியாகவே ஒரு திறன் வரிசை உண்டு. படிக்க அருமையாக இருக்கும், ஆனால் எங்கள் மாதிரி வாரத்தில் ஒருநாள் ராத்திரி கூடுகிறவர்களுக்கு அடுத்த வாரம் பாதி மறந்துவிடும். அட்டையின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுவிடுவேன். பொருள் வளரும்போது எழுத இடம் வேண்டுமே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 2020இல் வந்த வெஸ்டிஜ் ஆயுதங்கள் உறங்கும் நிலை, விழித்த நிலை, உயர்ந்த நிலை என்று மூன்று படியில் வளரும். நல்ல யோசனை. நான் அதை லெவலோடு கட்டாமல், ஊர் அறிய நடந்த ஒரு காரியத்தோடு கட்டுவேன். வட்டிக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு, துறைமுகத்து மீனவர்கள் துடுப்பின் மேல் சத்தியம் செய்ய ஆரம்பித்தார்கள். அட்டையில் புது வரி தானாக வந்து உட்கார்ந்தது: அந்தத் துடுப்பைத் தொட்டுச் சொன்ன வாக்கை மீறுகிறவனை அலை கரைசேர விடாது.

எதிரியைப் பொருளுக்கு அசையாதவனாகச் செய்யாதீர்கள். "இவன்மேல் உன் வாள் வேலை செய்யாது" என்பது சோம்பேறித்தனம், அதற்கு வாளைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். வாள் நன்றாக வெட்டட்டும், வெட்டுவதால் தீராத பிரச்சினையைக் கொண்டுவந்து வையுங்கள்.

திருட்டு பற்றி. தோரின் சுத்தியலை த்ரிம் என்ற அரக்கன் திருடிவிட, அதை மீட்கத் தோர் மணப்பெண் வேஷம் கட்டிக்கொண்டு அரக்கன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதாக ஒரு பழைய பாட்டு இருக்கிறது. திருடு போனால் இப்படிப் போக வேண்டும். மீட்கப் போகும் கதை கையில் வைத்திருப்பதைவிடச் சுவையாக இருந்தால் மட்டும் திருடுங்கள், அதுவும் ஆட்டக்காரரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. நான் ஆட்டக்காரனாக உட்கார்ந்த வேறொரு மேசையில், என் பொருளைப் பிடுங்கிவிட்டு மாதக்கணக்கில் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. போனை நோண்டிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 20ஆம் லெவல் ஆட்களுக்கு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. அங்கே ஐந்தாம் பதிப்பில் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று மாயப்பொருளோடுதான் தன்னை இணைத்துக்கொள்ள முடியும். அடையாளப் பொருளை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் பலரும் செய்வது. நான் தலைகீழாகச் சொல்வேன்: மூன்று இடத்தையும் அந்த ஒரே பொருள் எடுத்துக்கொள்ளட்டும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டால், அந்தப் பொருள்மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆசை என்று உடனே தெரிந்துவிடும். 1976இலேயே அந்த விளையாட்டில் வெக்னா என்ற பழைய மந்திரவாதியின் கை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் பொருத்திக்கொள்ள உங்கள் சொந்தக் கையை வெட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடமாக அதன் பேர் நிலைத்திருப்பதற்கு அதன் சக்திப் பட்டியல் காரணமில்லை. அது தரும் சக்திகளைப் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், கையை வெட்ட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஆர்டிஃபாக்ட் என்று அவர்கள் வகைப்படுத்தும் பொருள்களுக்கு, அதை அழிக்க ஒரே ஒரு வழி இருப்பதாகவும் எழுதுவார்கள். உங்கள் பொருளுக்கும் அந்த வரியை முதலில் எழுதிப் பாருங்கள். எப்படி அழியும் என்று தெரிந்தால், யாருக்கெல்லாம் அதை அழிக்க ஆசை என்பது பின்னாலேயே வந்துவிடும், வில்லன்களைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது குழுவில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். செல்வம், அதிர்ஷ்டம், இரவு. எடுத்த எடுப்பில் கேட்டது, எவ்வளவு எடுத்தாலும் காலியாகாத சுருக்குப் பை. சரி, தருகிறேன் என்றேன். அந்தப் பையிலிருந்து காசு எடுக்கும்போதெல்லாம் யார் வீட்டில் குறையும் என்று நீயே சொல் என்றேன். இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது: "எதிரிங்க வீட்ல குறையட்டும்." எதிரி என்று யார் முடிவு செய்வது, நீயா பையா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, சனிக்கிழமை செஷன்.